கூரை ஏறிய மண்

ஒரு கட்டடம் எழும்பும்பொழுது, தான் நிற்கும் பரப்பளவு மண்ணை அது விழுங்கிவிடுகிறது. அந்த மண்ணில் புல் இருந்திருக்கும். புல்லில் வெட்டுக்கிளி இருந்திருக்கும். வெட்டுக்கிளியைத் தேடிக் குருவி வந்திருக்கும். அத்தனையும் அடித்தளத்துக்குக் கீழே மறைந்துபோகின்றன. ஆயினும், விழுங்கப்பட்ட அதே பரப்பளவு பல அடி உயரத்தில், வெயிலுக்கும் மழைக்கும் திறந்தபடி மீண்டும் கிடைக்கிறது. அதற்குத்தான் கூரை என்று பெயர். நண்பகலில் 50 பாகை செல்சியசுக்கு மேல் கொதிக்கும் அந்த வெற்றுக் காங்கிரீட்டுத் தளத்தில், நீர்த்தொட்டியையும் குளிர்சாதன இயந்திரங்களையும் தவிர வேறு எவரும் குடியிருப்பதில்லை.

அங்கே மண்ணைப் பரப்பிச் செடி வளர்க்கலாம் என்பதை இன்று மறுப்பார் இல்லை. பசுங்கூரை என்பது கட்டடக் கலைஞரின் வரைபடங்களில் நிலையான இடத்தைப் பெற்றுவிட்டது. வழக்கு வேறொன்றில் இருக்கிறது. எப்படிப்பட்ட பசுமை என்பதே அது. விளம்பர ஏடுகளில் வரும் கூரைகளைப் பார்த்தால் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை ஒரே செடி, ஒரே உயரம், ஒரே நிறம். விலை கொடுத்து வாங்கிய கம்பளத்தை விரித்தாற்போல இருக்கும். கண்ணுக்கு அது குளிர்ச்சிதான். ஆனால் ஒரே செடி மட்டும் நிற்கும் நிலம் எப்படிப்பட்டது என்பதை மலேசிய, சிங்கப்பூர்த் தமிழருக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. அவர்களுள் பெரும்பாலோரின் பாட்டனும் பாட்டியும் உழைத்து ஓய்ந்த இடமே ஒரே மரம் நின்ற இடம்.

ரப்பர்த் தோட்டத்தில் மரங்கள் வரிசை பிசகாமல் நின்றன. எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே மரம், அதே கோப்பை, அதே வெட்டு. அந்த ஒழுங்குக்குள் ஓர் அச்சம் ஒளிந்திருந்தது. பிரேசில் நாட்டில், ரப்பர் மரத்தின் தாய்மண்ணிலேயே, ஹென்றி ஃபோர்டு 1928ஆம் ஆண்டில் தொடங்கிய பெருந்தோட்டம் ஃபோர்டுலாண்டியா. காட்டில் தனித்தனியே சிதறி நின்றவரை நலமாக இருந்த மரம், நெருக்கமாக அணிவகுத்து நின்றவுடன் இலைக்கருகல் நோய்க்கு இரையாயிற்று. 1945இல் அந்த நிலம் பிரேசில் அரசின் கைக்கே திரும்பிப் போனது. மலாயாத் தோட்டங்கள் தப்பியதற்குக் காரணம் மரத்தின் வலிமையன்று. அந்தப் பூஞ்சணம் கடல் கடந்து வந்து சேராததே.

அதே தோட்டத்தில், லயத்து வீடுகளின் பின்புறம் இன்னொரு தோட்டமும் இருந்தது. முருங்கை ஒன்று, கறிவேப்பிலை ஒன்று, வேலியில் படர்ந்த பிரண்டை, தண்ணீர் ஓடும் ஓரத்தில் வாழை, பந்தலில் அவரை, நிழலில் மஞ்சள், மூலையில் துளசி. கிராணியாரின் கணக்கேட்டில் அது ஏறவில்லை. அதற்கு உரம் போட்டவர் எவருமிலர். அரிசி கழுவிய நீரும் அடுப்புச் சாம்பலுமே அதற்கு ஊட்டம். ஒன்று பட்டுப்போனால் மற்றொன்று சட்டிக்கு வந்தது. ரப்பர் விலை சரிந்த காலங்களில் பல குடும்பங்களுக்குச் சோற்றோடு சேர்ந்து நின்றது வரிசை மரமன்று, இந்தக் கொல்லைப்புறமே.

பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. தோட்டத்து மக்கள் அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்தனர். சிங்கப்பூரில், 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றிய பிறகு கம்பத்து மக்களுள் பெரும்பாலோருக்கு இந்தப் பெயர்ச்சி நேர்ந்தது. புதிய வீட்டில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வந்தது, விசையைத் தட்டினால் விளக்கு எரிந்தது. கொல்லைப்புறம் மட்டும் கூட வரவில்லை. அதனால்தான் பத்தாவது மாடித் தாழ்வாரத்தில் பால்மாவுத் தகரமும், சாய வாளியும், ஐஸ்கிரீம் டப்பாவும், சந்தையில் மீன் வைத்துவந்த வெள்ளை நுரைப் பெட்டியும் வரிசையாக வந்து அமர்ந்தன. அடியில் ஆணியால் நான்கு துளை, துளைமேல் உடைந்த சட்டியின் ஓடு, அதன்மேல் மண். வடிகால் என்னும் சொல்லைக் கேட்டறியாத கைகள், வடிகாலின் இலக்கணத்தைத் தாமே வகுத்துக்கொண்டன. இன்று பசுங்கூரைப் பொறியாளர் அடுக்கடுக்காக வரைந்து காட்டுவது, அந்தத் தகரத்துக்குள் இருந்ததன் பெரிய வடிவமே ஆகும்.

அந்தப் பெரிய வடிவம் எவ்வளவு காலம் நிலைக்கும் என்ற ஐயம் எழுவது இயல்பு. அதற்கு விடையாக ஒரு கூரை சுவிட்சர்லாந்தில் இருக்கிறது. சூரிச் நகரின் வோலிஷோஃபென் பகுதியில், ஏரி நீரை வடிகட்டுவதற்காக 1914இல் கட்டப்பட்டது மோஸ் நீர்நிலையம். உள்ளே இருக்கும் நீர் வெப்பமடையாமல் காக்கவேண்டும் என்பதற்காகவே அதன் தட்டைக் கூரைமீது மண் போட்டார்கள். அழகு பற்றிய நினைப்பு அவர்களுக்கு இருந்திருக்காது. நீர்புகாப் பூச்சின்மேல் சிறிது மணலும் சரளையும். அதற்குமேல், கட்டடத்துக்காகத் தோண்டிய அதே நிலத்தின் மேல்மண்ணை 15 முதல் 20 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பினார்கள். வெளியிலிருந்து எதையும் வாங்கவில்லை. அந்த மண்ணில் உறங்கிக்கிடந்த விதைகள் எழுந்தன. நகரைச் சுற்றியிருந்த புல்வெளிகள் உரத்தாலும் கட்டடத்தாலும் அழிந்துபோன பிறகும் கூரைப் புல்வெளி அழியவில்லை. ஆய்வாளர் அங்கே 175 வகைத் தாவரங்களை எண்ணினர். அவற்றுள் ஒன்பது ஆர்க்கிட் வகைகள்; அவற்றிலும் ஒரு வகை மட்டும் ஆயிரக்கணக்கில் பூக்கிறது. ஒரு வட்டாரம் தரையில் தொலைத்துவிட்டதைத் தண்ணீர்த் தொட்டியின் தலை காப்பாற்றி வைத்திருக்கிறது.

அங்கே திரும்பிப் பயன்பட்டது தோண்டிய மண். இலண்டனில் பயன்பட்டதோ இடிபாடு. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்கு உள்ளான இலண்டன் நகரில், செங்கற் குவியல்களுக்கு இடையே ஒரு சிறு பறவை கூடு கட்டிக் குடியேறியது. கரிய உடலும் செந்நிற வாலும் கொண்ட அது மலைப் பாறைகளில் வாழும் இனம். அதற்குக் கல்லும் பொந்தும் இடையிடையே களையும் வேண்டும். நகரத்தின் அழிவு அதற்கு வாழ்வாயிற்று. ஆண்டுகள் பல கழிந்து, எஞ்சிக் கிடந்த தரிசுகளிலும் புதிய கட்டடங்கள் எழத் தொடங்கியபொழுது பறவைக்கு மீண்டும் இடமில்லாமற் போயிற்று. 1990களின் பிற்பகுதியில், அப்பறவைக்காகப் பரிந்து பேசியவர்கள் ஒரு வழி கூறினர்: இடித்த செங்கல்லையும் காங்கிரீட்டையும் நொறுக்கி, எழும் கட்டடத்தின் கூரைமேலேயே பரப்பிவிடுங்கள். டெப்ட்ஃபோர்டில் 2003இல் திறக்கப்பட்ட லபான் நடனப் பள்ளியின் கூரை அவ்வழியில் அமைந்தது. பசுங்கூரை என்று சொல்ல முடியாதபடி முதலில் அது பழுப்பாகவே கிடந்தது. காற்றும் பறவையும் கொண்டுவந்த விதைகள் தமக்குப் பிடித்த இடுக்கைத் தேடி முளைத்தன.

குப்பை வண்டியில் ஏறவேண்டியது கூரையில் ஏறிற்று என்பது மட்டும் இதன் சிறப்பன்று. வளம் குன்றிய மண்ணில்தான் பலவகை வாழ்கிறது என்னும் உண்மை இதில் அடங்கியிருக்கிறது. கேட்பதற்கு முரணாகத் தோன்றலாம். கொழுத்த உரமண்ணைக் கொட்டிப் பாருங்கள். வலிய செடி ஒன்று விரைந்து எழுந்து எளியவை அனைத்தையும் மூடிவிடும். செங்கற்பொடியும் சரளையும் கலந்த ஏழை மண்ணிலோ எவருக்கும் அத்தகைய ஆதிக்கம் கிட்டுவதில்லை. ஒவ்வொன்றும் சிறிதாகவே வளர்கிறது. ஆகவே பக்கத்தில் இன்னொன்றுக்கு இடம் இருக்கிறது. லாலாங் புல் படர்ந்த தரிசையும், பாறை இடுக்கில் பூத்த மலைச்சரிவையும் ஒருசேரப் பார்த்தவர்களுக்கு இது புதிய செய்தியன்று.

சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரம் இதனைச் சட்டமாகவே எழுதி வைத்தது. அங்கே 2002 முதல் புதிய தட்டைக் கூரைகள் பசுமையாக்கப்பட வேண்டும் என்பது கட்டட விதி. ஸ்டெஃபான் பிரென்னைசன் என்னும் ஆய்வாளர் கூரைகளில் வாழும் வண்டுகளையும் சிலந்திகளையும் எண்ணிப் பார்த்து, மண்ணின் உயரம் இடத்துக்கு இடம் மாறும் கூரையில் உயிரினங்கள் மிகுதி என்று கண்டார். அதன் பயனாக வட்டார மண்ணையே பயன்படுத்துவதும், ஆங்காங்கே 30 சென்டிமீட்டர் உயரத்துக்குச் சிறு மேடுகள் அமைப்பதும் வழிகாட்டுதலில் சேர்ந்தன. மேட்டில் ஈரம் நிற்கும், பள்ளத்தில் வெயில் காயும். இரண்டுக்கும் இரண்டு வகைக் குடிகள். சமனாக்கும் மட்டப்பலகையைக் கீழே வைத்துவிடுவதே அங்கே தோட்டக்காரனின் திறமை.

இத்தகைய கூரைகளுக்கும் குறை உண்டு. சுவிஸ் நாட்டுக் கூரைகள் சிலவற்றில் ஆள்காட்டிக் குருவிகள் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்தன. ஆனால் செடியும் பூச்சியும் போதாத இளங்கூரையில், உணவும் நீருமின்றிக் குஞ்சுகள் மடிந்தன. தாயை அழைக்கும் அளவுக்குப் பசுமை இருந்து, சேயைக் காக்கும் அளவுக்கு இல்லாத கூரை ஒரு கண்ணியே அன்றி வேறில்லை. பல்வகைத் தாவரம் என்பது வெறும் கண்காட்சியன்று என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று தேவையில்லை.

இனி, ஐரோப்பியக் கூரையை அப்படியே எடுத்துவந்து இங்கே வைக்க முடியுமா? முடியாது. அங்கே பெரிதும் நடப்படுவது செடம் எனும் சதைப்பற்றுள்ள சிறு செடி. அதன் வகைகளுள் பல, சிங்கப்பூரின் ஈர வெப்பத்தில் வேர் அழுகிப்போகும். ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர் மழை. அதுவும் ஒரு மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிட்டு, மறுமணி நேரத்தில் வெயில் சுட்டெரிக்கும். வெள்ளமும் வறட்சியும் ஒரே நாளில் வரும் இடம் இந்நாட்டுக் கூரை. இங்கே பின்பற்றத்தக்க முன்மாதிரி எது என்று கேட்டால், தலையை நிமிர்த்திப் பார்த்தால் போதும். சாலையோரத்துத் தூங்குமூஞ்சி மரத்தின் கிளையில், பிடி மண்கூட இல்லாத இடத்தில், பறவைக்கூட்டுப் பெரணி பருத்து நிற்கிறது. தன்மேல் விழும் சருகைத் தானே சேர்த்து மண்ணாக்கிக்கொள்ளும் செடி அது. பக்கத்திலேயே புறா ஆர்க்கிட். பெருமழையால் வெப்பம் சட்டென்று தணிந்தால், ஏறத்தாழ ஒன்பது நாள் கழித்து, ஊரிலுள்ள அவ்வகைச் செடிகளெல்லாம் ஒரே காலையில் வெண்மையாகப் பூத்து மணம் பரப்பி, அன்றே வாடிவிடும். அந்தக் கிளைதான் இவ்வட்டாரத்தின் இயற்கைப் பசுங்கூரை.

இன்னொரு முன்மாதிரியும் உண்டு. தைப்பூசத்தன்று பத்துமலையின் 272 படிகளை ஏறும் மக்கள் வெள்ளத்தில், குகைக்கு வெளியே செங்குத்தாக எழும் பாறையை உற்று நோக்குபவர் மிகச் சிலரே. அது சுண்ணாம்புக்கல் மலை. மண் மிகக் குறைவு. பெய்த மழை உடனே வடிந்துவிடும். வெயில் ஏறினால் கல் காயும். அப்படியும் அம்மலையில் நூற்றுக்கணக்கான தாவர இனங்கள் வாழ்கின்றன. சுண்ணாம்புப் பாறையிலன்றி வேறெங்கும் வளராதவையும் அவற்றுள் அடங்கும். நொறுக்கிய காங்கிரீட்டும் சுண்ணாம்புத் தன்மை உடையதே. ஆகவே இடித்த அடுக்குமாடியின் துண்டுகளைக் கூரையில் பரப்புகிறவர், தாம் அறியாமலே ஒரு சிறு பத்துமலையைக் கட்டுகிறார். அங்கே எது வாழும் என்பதை மலை முன்னமே சொல்லி வைத்திருக்கிறது. புளிப்பு மண்ணை விரும்பும் செண்டுடுக் போன்ற செடியை அதில் நட்டுவிட்டு, வாடுகிறதே என்று வருந்துவதில் பொருளில்லை. அதற்குச் செங்கற்பொடியும் தென்னை நார்த்தூளும் கலந்த தனித் திட்டு அமைத்துக் கொடுக்கலாம்.

கழிவு எனப்படும் எல்லாமே கூரைக்கு உதவுமா என்றால், அதுவும் இல்லை. செங்கல் நன்று; அதன் நுண்துளைகள் நீரைப் பிடித்து வைத்து மெல்ல விடும். உடைந்த ஓடு வடிகாலுக்கு ஏற்றது. தென்னை நார்த்தூளில் உப்பு இருக்கும். பலமுறை கழுவிய பிறகே பயன்படுத்தவேண்டும். உமிக்கரி எடை குறைந்தது. செம்பனைக் குலையின் சக்கையை மக்கவைத்தால் எருவாகும். அதையும் அளவோடு சேர்ப்பதே முறை. ஆனால் பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகடுகளை எவரும் தொடவே கூடாது. அதன் தூசி நுரையீரலுக்கு நஞ்சு. கறையான் அரிக்காதிருக்க ஆர்செனிக் மருந்தேற்றிய பழம் பலகையில் கீரைப் பாத்தி கட்டுவதும் அறிவீனமே. வெள்ளை நுரைப் பெட்டி எடையற்றது, விலையற்றது. எனினும் வெயிலில் நாளடைவில் உதிர்ந்து, வெண்மணிகளாகக் காற்றில் பறந்து வடிகாலை அடையும். அதனைப் பழைய துணியாலோ பலகையாலோ மூடிவைப்பது நலம்.

எடையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இது குற்றமாகும். சாதாரணத் தோட்டமண்ணை ஒரு சதுர மீட்டர் பரப்பில் 10 சென்டிமீட்டர் கனத்துக்குக் கொட்டினால், மழையில் ஊறியபின் அது 150 முதல் 200 கிலோ வரை கனக்கும். பத்துச் சதுர மீட்டருக்கு ஒன்றரை டன்னுக்கு மேல். அந்தச் சுமைக்கென்று கட்டப்படாத கூரையில் ஆர்வத்தின் மிகுதியால் மண்ணை ஏற்றுவது, கீழே உறங்குவோரின் தலைமேல் ஏற்றுவதாகும். பொறியாளர் ஒருவர் பார்த்து அளவு சொன்ன பிறகே முதல் வாளி மேலே போகவேண்டும். கனத்தைக் குறைக்கத்தான் நார்த்தூளும் உமிக்கரியும்; தூண்களும் உத்தரங்களும் தாங்கும் இடங்களில்தான் மேடுகள். 5 சென்டிமீட்டர் மண்ணில் பத்துமணிப்பூவும் பருப்புக்கீரையும் படரும். 10 சென்டிமீட்டரில் கற்பூரவல்லியும் சோற்றுக் கற்றாழையும் புல்வகைகளும் நிற்கும். 20ஐ எட்டினால் செரையும் துளசியும் மஞ்சளும் வரும். கறிவேப்பிலைக்கு அதற்கும் மேல் வேண்டும். அதற்கென்று ஒரு பீப்பாய் ஒதுக்கலாம்.

இந்தப் பட்டியலில் லயத்துக் கொல்லையின் செடிகள் பலவும் திரும்பி வருவதைக் காணலாம். வறண்ட பாறையிலும் தொற்றி வளரும் பிரண்டையைவிடக் கூரைக்கு உகந்த கொடி எது? பிள்ளையாருக்கு மாலையாகும் எருக்கு, வெயிலுக்கு அஞ்சாதது. அதன் பாலுள்ள இலையைத் தின்றே செம்பழுப்பு நிறத்து வரிப்புலி வண்ணத்துப்பூச்சியின் புழு வளர்கிறது. எலுமிச்சை ஒன்று இருந்தால் அதற்குரிய கறுப்பு மஞ்சள் பட்டாம்பூச்சி வந்து முட்டையிடும். புழு இலையைக் கடித்துவிட்டதே என்று மருந்தடிப்பவர், கூரையில் தோட்டம் வைக்காமல் வண்ணப் படம் மாட்டிக்கொள்வது மேல்.

அரசாங்கங்கள் சும்மா இருக்கவில்லை. சிங்கப்பூரில் தேசியப் பூங்காக் கழகம் 2009இல் ஓர் ஊக்கத் திட்டத்தைத் தொடங்கி, கூரையிலும் சுவரிலும் பசுமை அமைப்போருக்குச் செலவில் பாதிவரை கொடுத்துதவ முன்வந்தது. ஈசூனில் 2010இல் திறக்கப்பட்ட கூ டெக் புவாட் மருத்துவமனையின் கூரையில் பழமரங்களும் காய்கறிகளும் தொண்டர்களின் கையால் வளர்ந்தன. நோயாளியின் சன்னலுக்கு வெளியே வண்ணத்துப்பூச்சி பறக்கும் மருத்துவமனை என்று அது பெயர் பெற்றது. 2020இல் வீடமைப்புப் பேட்டைகளின் பல மாடி வாகன நிறுத்துமிடங்களுள் ஒன்பதின் கூரைகள் காய்கறி விளைவிப்பதற்காக ஏலத்துக்கு வந்தன. உணவுக்குப் பெரிதும் பிறநாட்டை நம்பியிருக்கும் தீவுக்கு அது வேண்டியதே. ஆயினும் ஒரே கீரை, ஒரே குழாய், ஒரே கரைசல் என்று அமையும் கூரை பண்ணையாகுமே அன்றித் தோட்டமாகாது. அதன் ஓரத்தில் நான்கு முழம் இடிபாட்டு மேட்டை விட்டுவைத்தால் விளைச்சல் குறைந்துவிடாது. பூவைத் தேடி வரும் தேனீக்குத் தங்க ஓரிடம் இருக்கும்.

அமைத்தபின் விட்டுவிடலாம் என்பதும் தவறு. தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு ஒரு வாரத்தில் முட்டையிலிருந்து சிறகு முளைத்து எழும். டெங்கிக் காய்ச்சல் கூரையிலிருந்து இறங்கி வந்தால் அண்டைவீட்டார் பசுமையை வாழ்த்தமாட்டார்கள். வாரந்தோறும் வடிகால் வாயைத் துழாவிச் சருகு அள்ளவேண்டும், தட்டுகளைக் கவிழ்க்கவேண்டும். இவற்றைவிடப் பொறுமையைச் சோதிப்பது ஆலங்கன்று. மைனா தின்று எச்சமிட்ட விதை, எவரும் நடாமலே, நீர்புகாப் பூச்சின் விளிம்பைத் தேடிச் சென்று முளைக்கும். இரண்டு இலை விட்ட நாளில் அது விரலுக்கு அடங்கும். இரண்டாண்டு விட்டால் அதன் வேர் தளத்தைப் பிளக்கும். கோபுரங்களில் ஆலும் அரசும் எழுந்து சிற்பங்களைப் பெயர்த்ததைக் கண்ட பழந்தமிழரிடம் உழவாரம் என்ற கருவி இருந்தது. அப்பரடிகள் தோளில் அதனைச் சுமந்தபடியே இன்றும் சிலைகளில் காட்சி தருகிறார்.

கூரைத் தோட்டத்துக்கும் அந்தக் கருவி வேண்டும். பத்தாவது மாடியிலிருந்து தகர டப்பாக்களுடன் மேலே ஏறிவரும் மூதாட்டிகளுக்கு அதைக் கற்றுக்கொடுக்கவேண்டியதில்லை. தேய்ந்துபோன பால்வெட்டுக் கத்தியால் அவர்கள் ஆலங்கன்றை வேரோடு நெம்பி எடுத்துவிடுகிறார்கள். எடுத்ததை எறியவும் மனமில்லாமல், கீழே திடலில் நட்டுப் பார்க்கலாம் என்று, ஒரு பால்மாவுத் தகரத்தில் வைத்துத் தண்ணீர் ஊற்றுகிறார்கள்.